இருமல் கேட்கிற தூரம்

கொரோனா வந்தவள் என்று பேர்தான். அன்றைக்கு என்னைப் போலத் திடமாக இருந்த பொம்பளை பொம்மிடியிலேயே இருந்திருக்க மாட்டாள். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, தொண்டையில் கரகரப்புகூட இல்லை. காபி குடித்தேன், காபி மாதிரியே இருந்தது. ஊதுபத்தியைக் கொளுத்தி மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், மல்லிகை வாசனை சுகமாக ஏறியது. அறைக்குள் நடந்தேன். ஜன்னல் கம்பியைத் துடைத்தேன். துடைத்த கம்பியை மறுபடியும் துடைத்தேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

நான் வேலை பார்க்கிற டைலரிங் கம்பெனியில், ஊரடங்கு தளர்ந்து கதவைத் திறக்கும் முன்பு எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். வரிசையில் சிரித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் போனில் பாசிட்டிவ் என்று வந்தது. வெளியே போகாமல் வீட்டிலேயே தனி அறையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் நானும் என் வீட்டுக்காரர் வீரமணியும் மட்டும்தான். அவர் கூடத்தில், நான் அறையில், நடுவில் ஒரு கதவு.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் இருமிக்கொண்டிருந்தார். முந்தின மாதமே அவருக்கு நோய் வந்து, மூச்சு வாங்கி, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து, குணமாகி வந்துவிட்டார். இருமல் மட்டும் போகவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சை உலுக்கி, கடைசியில் ஒரு விசில் சத்தத்தோடு முடியும். அந்த இருமலுக்காகவே தெரு அவரை ஒதுக்கி வைத்துவிட்டது. டீக்கடையில் பேப்பர் கப்பில்கூடக் கொடுக்க மாட்டேன் என்றார்கள். அவர் ஓட்டுகிற மினி லாரிக்குத் தக்காளி லோடு தர யாரும் வரவில்லை. அவர் இருமினால் எதிர்வீட்டு ஜன்னல் படார் என்று சாத்திக்கொள்ளும். ஒளிப்பானேன், எனக்கே அந்தச் சத்தம் தாங்கவில்லை. "அந்த இருமலைக் கொஞ்சம் நிறுத்தித் தொலைங்களேன்" என்று கதவு வழியாகக் கத்தினேன். "நானா கூப்பிட்டு வெச்சிருக்கேன்?" என்றார், இருமிக்கொண்டே.

என்னிடம் மட்டும் யாருக்கும் பயமில்லை. பக்கத்து வீட்டு சசிகலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

"எவ்வளவுன்னு போட்டிருக்கு உனக்கு? அந்த சி.டி. நம்பரு?"

"பதினேழு. நீ தள்ளி நில்லுடி."

"பதினேழுதானா? அண்ணனுக்கு இருபத்தெட்டுன்னு சொன்ன. அப்ப உனக்குக் கம்மியாத்தான் வந்திருக்கு. பாரு, மூஞ்சி எப்படிப் பளபளன்னு இருக்குது!"

நானும் அப்படித்தான் நினைத்தேன். பரீட்சையில் மார்க் குறைந்தால் வருத்தம், நோயில் மார்க் குறைந்தால் சந்தோஷம் என்று என் வீட்டுக்காரரிடம் கேலிகூடச் செய்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் சில்வியா போனில் விசாரித்தபோது, அதே கேலியை அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அது தலைகீழ்க் கணக்குங்கம்மா. கிருமி கொஞ்சமா இருந்தா மெஷின் ரொம்ப நேரம் தேடித்தான் கண்டுபிடிக்கும், நம்பர் பெருசா வரும். நிறைய இருந்தா சீக்கிரமே தெரிஞ்சிடும், நம்பர் சின்னதா வரும். உங்களுக்குச் சின்ன நம்பர்."

"எனக்கு ஒண்ணுமே இல்லீங்களே டாக்டர். ஒரு தும்மல்கூட வரலையே."

"தொந்தரவு உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். இருமறவங்க மூக்குல எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அதே அளவு உங்க மூக்குலயும் இருக்குது. இப்பதான் ஆரம்பம், அதிகமா வெளிய வர்ற நேரம். பேசினாப் போதும், சத்தமாச் சிரிச்சாப் போதும்."

"அப்ப எங்க வீட்டுக்காரரு? ராத்திரி பகலா இருமறாரே."

"அவருக்கு நோய் வந்த கொஞ்ச நாள்லயே கிருமி அடங்கியிருக்கும். இது உள்ள புண்ணு ஆறாத இருமல். வாடகைக்கு இருந்தவன் காலி பண்ணிட்டுப் போயிட்டான், குப்பையை மட்டும் போட்டுட்டுப் போயிருக்கான்னு வெச்சுக்குங்க. அவர்கிட்ட இருந்து இனி யாருக்கும் வராது. இப்பத்தான் வந்து போனதால அவருக்கு உடனே திரும்ப வர்றதும் அபூர்வம். ஜாக்கிரதையா இருக்க வேண்டியது நீங்க."

போனை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். சசிகலா கோபித்துக்கொண்டு போனாள். என் உடம்பின் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. வலிக்கவாவது செய்தால் நம்பலாம். இது நல்லவள் மாதிரி நின்றுகொண்டு ஊரைக் கெடுக்கிற காரியம்.

மறுநாள் காலை என் தம்பி குமார் கூப்பிட்டான்.

"அக்கா... அப்பா போயிட்டாருக்கா."

மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டாராம். மண்வெட்டி கையில் இருந்தபடியே. வெகுநாளாக நெஞ்சுவலி உண்டு, மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போட மறந்துவிடுகிற ஆள். என் அப்பா மாயவன், ஒரு நாள்கூடப் படுக்காமல், ஒருவருக்கும் பாரம் கொடுக்காமல் போய்விட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாயங்காலம் எடுத்துருவாங்க. அம்மா அழவே மாட்டேங்குது. கண்ணுல பொட்டுத் தண்ணி வரல. கல்லு மாதிரி உக்காந்திருக்குது. கோகிலா எங்க, கோகிலா எங்கன்னே கேக்குது. சீக்கிரம் வாக்கா."

"எனக்குப் பாசிட்டிவ்டா. சொன்னேனே."

"அது பதினேழுதானக்கா. உனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே. நீ வா." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மாமாவை மட்டும் கூட்டியாராத. தப்பா நினைச்சுக்காத. அந்த இருமலைக் கேட்டா இங்க ஒருத்தரும் நிக்க மாட்டாங்க."

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதில்லை. உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தலையோடு தலை முட்டி, கன்னத்தோடு கன்னம் நனைய அழுவார்கள். கட்டி அழுவது என்று அதற்குப் பேர். தாலி இழந்தவளை மகள் வந்து கட்டிக்கொண்டால்தான் அடைத்திருக்கிற அழுகை உடைந்து வெளியே வரும். தாத்தா செத்த அன்றைக்கு என் அம்மா ஓடிப்போய்ப் பாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதவள். இப்போது அவள் எனக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மாவுக்கு மூச்சு இளைப்பு உண்டு, சர்க்கரை உண்டு. தடுப்பூசி போடவில்லை. போட்டால் ரெண்டு நாள் காய்ச்சல் வருமாம், அந்த ரெண்டு நாள் மாட்டை யார் பார்ப்பது என்று கேட்டாள். அதுதான் என் அம்மா செல்லம்மாள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். "அப்பா இறந்துட்டாருங்க டாக்டர். நான் போகணும். ரெண்டு மாஸ்க் போட்டுக்கறேன். அம்மாவை ஒரே ஒரு தடவை கட்டிக்கிட்டு அழுதுட்டு வந்துடறேன்."

"அழறப்ப மூச்சு எப்படி வாங்கும்னு உங்களுக்கே தெரியும். மாஸ்க் நனைஞ்சு கழண்டுக்கும். கழுத்தோட கழுத்து வெச்சுக்கிட்டு... உங்கம்மாவுக்கு இளைப்புன்னு வேற சொல்றீங்க. வீட்டை விட்டே வெளிய போகாதீங்கம்மா. கேக்கறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

"எங்க வீட்டுக்காரரு போலாங்களா?"

"அவரு தாராளமாப் போலாம்."

என்ன நியாயம் இது என்று கத்த வேண்டும்போல இருந்தது. எல்லோரும் பயந்து ஓடுகிற ஆளிடம் ஒன்றும் இல்லை. வா வா என்று கூப்பிடுகிற என் வாயிலும் மூக்கிலும் அம்மாவைக் கொல்வதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கதவைத் திறந்தேன். "ஊருக்குப் போறோம். நான் கிட்டப் போக மாட்டேன். தூரமா காட்டுல நின்னு அப்பா முகத்தைப் பாத்துட்டு வந்துடறேன்."

அவர் என்னையே பார்த்தார். "உன்னால முடியாது கோகிலா. அத்தையைப் பாத்தா ஓடிருவ. உன்னை எனக்குத் தெரியாதா?"

"பின்ன இங்கயே உக்காந்து செவுத்தைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

அவர் லாரிச் சாவியை எடுத்தார். டாக்டர் சொன்னதை மீறித்தான் கிளம்பினேன். முன்னால் அவரோடு உட்காராமல், பின்னால் காலித் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டேன். கடத்தூர் தாண்டுகிற வரைக்கும் வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் உட்காருவதுமாக வந்தேன். கட்டிக்க மாட்டேன், கட்டிக்க மாட்டேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் முன்னாலிருந்து இருமல் கேட்டது.

எங்கள் வீடு ஊரை விட்டுத் தள்ளிக் காட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாசலில் பந்தல் போட்டு அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். ஊரடங்கு காலம் என்பதால் மேளம் இல்லை, கூட்டமும் அதிகமில்லை. அந்த அமைதியில் லாரி நின்றதும் இவர் ஒரு இருமல் இருமினார். பந்தலில் இருந்த தலைகள் அத்தனையும் திரும்பின.

குமார் ஓடி வந்தான். "மாமா, மாமா, நீங்க வண்டியிலயே இருங்க. கும்புட்டுக் கேக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எறங்குக்கா, வா" என்று கையை நீட்டினான்.

"தொடாத! தள்ளிப் போடா!"

நான் மறுபக்கமாகக் குதித்து, மோட்டார் ரூமைத் தாண்டி வரப்பில் போய் நின்றேன். அங்கிருந்து அப்பாவின் கால்கள் தெரிந்தன. பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடது காலில் சேறு சரியாகக் கழுவாமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட எனக்கு உரிமை இல்லை.

என் பெரியம்மாவும் இன்னும் சில பெண்களும் கையை விரித்தபடி என்னை நோக்கி வந்தார்கள். "வாடி எங்கண்ணு, அப்பன் உன்னை உட்டுட்டுப் போயிட்டானே" என்று ராகம் எடுத்து வந்தவர்களைப் பார்த்து, "கிட்ட வராதீங்க, எனக்கு நோவு இருக்குது" என்று கத்தினேன். நின்றுவிட்டார்கள். பெரியம்மாவின் முகம் மாறியது.

"நல்லா கல்லாட்டம் நிக்கற, உனக்கென்னடி நோவு? இருமறவனோட ஒரே வண்டியில வருவியாம், எங்களைப் பாத்தா மட்டும் பயமா? டவுன்ல போயி உக்காந்ததும் எங்க மூச்சே ஆகலையா உனக்கு?"

என்ன சொல்லிப் புரிய வைப்பது? பதினேழு, இருபத்தெட்டு என்று சாவு வீட்டில் கணக்குப் பாடமா நடத்த முடியும்? பெரியம்மா முந்தானையை உதறிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அப்போது அம்மா எழுந்தாள்.

யாரோ பிடிக்கப் பார்த்தார்கள், கையைத் தட்டிவிட்டாள். பந்தலை விட்டு வெயிலுக்கு வந்தாள். தலைமுடி அவிழ்ந்து, கண் காய்ந்து, வாய் திறந்தபடி என்னை மட்டும் பார்த்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தாள். புதிதாக நட்ட மஞ்சள் பாத்திகளை மிதித்துக்கொண்டு வந்தாள். வாழ்நாளில் ஒரு பாத்தியை மிதித்தவள் இல்லை அவள்.

"கோகிலா."

"வேண்டாம்மா. அங்கயே நில்லும்மா."

"கோகிலா, வாடி."

நான் பின்னால் நகர்ந்தேன். அவள் வந்தாள். நான் இன்னும் நகர்ந்தேன். பெற்ற தாய் கையை நீட்டிக்கொண்டு வர, மகள் பின்வாங்கிக்கொண்டே போகிறேன். ஊரே பார்க்கிறது. என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒன்று பின்னால் போனது, இன்னொன்று முன்னால் போகத் துடித்தது. மாஸ்க் நனைந்து மூக்கில் ஒட்டியது. ஓடிப்போய்க் கட்டிக்கொள், ஒரு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று உள்ளே ஒருத்தி கேட்டாள். அவளும் நான்தான். இவர் சொன்னது சரி, என்னை இவருக்குத் தெரியும்.

அம்மாவுக்கு மேல்மூச்சு வாங்கியது. பாத்தியில் கால் சறுக்கி முழங்காலில் விழுந்தாள். விழுந்தவள் கையை மட்டும் கீழே போடவில்லை. "நீயும் என்னை உட்டுட்டயாடி?" என்றாள்.

நான் ஓரடி முன்னால் வைத்துவிட்டேன். இரண்டாவது அடியும் வைத்திருப்பேன். லாரிக்குள் இவர் இருமுகிற சத்தம் கேட்டது.

"ஏங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "நீங்க போங்க! நீங்க போய்ப் புடிங்க!"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என் அம்மா மருமகன் முன்னால் உட்கார்ந்ததில்லை. அவர் வந்தால் கட்டிலை விட்டு எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். "மாப்ளைக்கு இன்னங்கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு" என்று சுவரைப் பார்த்துத்தான் பேசுவாள். அவர் கைபட்ட டம்ளரைக்கூட என் கை வழியாகத்தான் வாங்குவாள். மாமியாரும் மருமகனும் தொட்டுக்கொள்வது என்பது எங்கள் வீடுகளில் யாரும் நினைத்தே பார்க்காத காரியம்.

அவருக்கு அது தெரியாமல் இல்லை. கதவைத் திறந்து இறங்கினார். ஒரு கணம் தயங்கினார். பிறகு லாரியில் இருந்த தண்ணீர் கேனைச் சாய்த்து, சோப்புப் போட்டுக் கையை முழங்கை வரைக்கும் கழுவினார். ஓடி வந்தார். ஓடியதில் இருமல் பிடித்துக்கொண்டது. இருமிக்கொண்டே வந்தவரைப் பார்த்துப் பெரியம்மாவும் மற்றவர்களும் இரண்டு பக்கமும் சிதறினார்கள். குமார் "மாமா, வேண்டாம்!" என்று கத்தினான், ஆனால் கிட்ட வரவில்லை.

பாத்தியில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "அத்தை" என்றார்.

அம்மா அந்த நிலைமையிலும் முந்தானையைத் தலைக்கு இழுக்கப் பார்த்தாள். கை அதற்குக் கேட்கவில்லை.

"அத்தை, அவளுக்குத்தாங்க நோவு இருக்குது. எனக்குப் போயிடுச்சு. உங்களுக்கு வந்துடக் கூடாதுன்னுதான் அவ அங்க நின்னு துடிக்கறா. அவளுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்."

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் நெஞ்சில் தலையை முட்டினாள். முட்டி முட்டி, ஒரு சத்தம் வந்தது. காலையிலிருந்து அடைத்துக் கிடந்தது அது. "என் சாமி போயிட்டாரே மாப்ள" என்றாள். அவரிடம் நேராக அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் எங்கள் வீட்டுப் பெண்களைப் போலவே அவள் தோளில் கைபோட்டு, தலையோடு தலை சாய்த்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்படி அழ அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. நான் வரப்பில் உட்கார்ந்து என் இரண்டு கையையும் என் தோளிலேயே போட்டுக்கொண்டு அழுதேன். அம்மா அங்கிருந்து அப்பாவைச் சொல்லி ஒப்பாரியில் ஒரு அடி எடுத்தாள். இங்கிருந்து நான் அடுத்த அடியை எடுத்தேன். நடுவில் மஞ்சள் காடு இருந்தது.

அதன் பிறகு அவளை அவர்தான் கைத்தாங்கலாகப் பந்தலுக்குக் கூட்டிப்போனார். யாரும் தடுக்கவில்லை, யாரும் கிட்டவும் வரவில்லை. சாயங்காலம் அப்பாவைத் தூக்கியபோது ஆண்கள் குறுக்கே மறைத்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகள்தான் தெரிந்தன. வரப்பில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்து எட்டி எட்டிப் பார்த்தேன். அம்மா எங்கே, விழுந்துவிட்டாளா, மூச்சு வாங்குகிறதா, யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாமல் வரப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து இருமல் கேட்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சை உலுக்கி, விசில் சத்தத்தோடு முடிகிற அதே இருமல். நின்றேன். அவர் அங்கே இருக்கிறார், அம்மா பக்கத்தில் இருக்கிறார். அது நின்றபோது எனக்குப் பதறியது. மறுபடி கேட்டதும் மூச்சு வந்தது.

இருமுங்க, நல்லா இருமுங்க என்று அந்த வரப்பில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.